முந்தின ராத்திரியிலிருந்து எழுதிய ஒரு வாரச் சமையல்: நாலு பேர் வீட்டுக்கான கணக்கு

பதிவு 1 | கல்சட்டி

வாரப் பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறவர்களில் பாதிப் பேர் செவ்வாய்க்கிழமையே கைவிட்டுவிடுகிறார்கள். பட்டியலில் பலகாரத்தின் பெயர் இருக்கும், அதற்கு முந்தின ராத்திரி எது ஊற வேண்டும் என்பது இருக்காது. காலையில் பார்த்தால் கொண்டைக்கடலை டப்பாவிலேயே கிடக்கும். அப்புறமென்ன, ரவா உப்புமாதான். அதனால் இதை ராத்திரியிலிருந்து எழுதுகிறேன். அளவெல்லாம் 200 மில்லி தம்ளர், பெரியவர்கள் நாலு பேருக்கு.

ஞாயிறு மதியம் மாவுக்கு ஊறப்போடுங்கள். இட்லி அரிசி 4 தம்ளர், முழு வெள்ளை உளுந்து 1 தம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. அரிசிக்கு 4 மணி நேரம், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்து நாள் முழுக்க ஊறினால் ஆட்டும்போது பொங்காது. கிரைண்டரில் உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஆட்டுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசி நைஸ் ரவை பதம். கல்லுப்பு ஒன்றரை மேசைக்கரண்டி. கரண்டியை விட்டுக் கையால் கலக்குங்கள், பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். இதில் 50 இட்லிக்கு மேல் வரும், அதாவது மூன்று காலை டிபன்.

அன்று மாலையே இன்னும் இரண்டு வேலை. 150 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்புப் போட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரம் முழுக்க ஓடும். இரண்டு தேங்காயைத் துருவி, ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

திங்கள்: இட்லி, சாம்பார். மதியத்துக்கும் அதே சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர். இரவு சம்பா கோதுமை ரவை உப்புமா, காய் போட்டு. படுக்கும் முன் கறுப்புக் கொண்டைக்கடலை 1 தம்ளர் ஊற வேண்டும்.

செவ்வாய்: தோசை, தக்காளிச் சட்னி. மதியம் கொண்டைக்கடலையில் பாதி கத்திரிக்காயோடு புளிக்குழம்புக்குப் போகும், மீதி சாயங்காலச் சுண்டல். கூடவே கீரை மசியல். இரவு சப்பாத்தி, ஏதாவது ஒரு காய்க் கூட்டு. படுக்கும் முன் பச்சைப்பயறு 2 தம்ளர் ஊறப்போடுங்கள்.

புதன்: ஊறியதில் முக்கால் பங்கை இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி ஊறின அரிசி சேர்த்து அரைத்தால் பெசரட்டு என்னும் பச்சைப்பயறு தோசைக்கு மாவு, புளிக்க வைக்கத் தேவையில்லை. மீதியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைப்பயறு. மதியம் சாமை சாதம், வெண்டைக்காய் மோர்க்குழம்பு.

வியாழன்: மாவு தீரும் நாள். ஊத்தப்பம் அல்லது பணியாரம். மதியம் ரசம், சுரைக்காய்க் கூட்டு, முட்டைப் பொடிமாஸ். முளைப்பயறு மாலைக்கு.

வெள்ளி: காலை வெண்பொங்கல், மதியம் சாம்பார் சாதம் ஒரே குக்கரில், இரவு முருங்கைக்கீரை அடை. அடைக்குப் பிற்பகலில் 3 மணி நேரம் ஊறினால் போதும், அலுவலகம் போகிறவர்கள் காலையிலேயே ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம்.

சனி: மீன். சாப்பிடாதவர்களுக்கு அன்றைக்கு அவியல். ஞாயிறு காலி. அன்றைக்கு என்ன செய்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை, மாவுக்கு ஊறப்போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

பதிவு 2 | மிளகுதக்காளி

அருமை அண்ணா. கிரைண்டர் இல்லாத வீட்டுக்கு மிக்ஸியில் இதே அளவு சரிப்படுமா? உளுந்து அரைச்சா சூடாயிடுது, இட்லி கல்லு மாதிரி வருது.

பதிவு 3 | ஆட்டுக்கல்

சரிப்படாது. மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. அதனால் 3 தம்ளர் அரிசிக்கு 1 தம்ளர் உளுந்து போடுங்க. உளுந்தை ஊறவைத்த தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே ஊற்றி அரைங்க. ஒரு நிமிஷம் ஓட்டினா ஒரு நிமிஷம் நிறுத்தணும், மொத்தம் ஆறேழு நிமிஷம் ஓடினா போதும். ஜாரைத் தொட்டா சூடு தெரியக்கூடாது. கடைசியில் ஒரு கைப்பிடி அவலை ஊறவச்சு அரிசியோட அரைச்சா மிருதுவா இருக்கும்.

கல்லு மாதிரி வர இன்னொரு காரணம் மாவு சரியா பொங்காதது. சென்னை மே மாசத்துல 6 மணி நேரத்துல பொங்கி வழியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர்ல 15 மணி நேரம் ஆனாலும் அசையாது. வெதுவெதுப்பான தண்ணி இருக்கிற அகலப் பாத்திரத்துக்குள்ள மாவுப் பாத்திரத்தை இறக்கி வைங்க. பொங்கின மாவை இட்லிக்கு எடுக்கும்போது அடிவரை கலக்காம மேலாக அள்ளணும், கலக்கினா உள்ளே இருக்கிற காத்தெல்லாம் போயிடும்.

பதிவு 4 | அளவுகோல்

ஊறவைக்கும் ஒழுங்கு நன்றாக இருக்கிறது. "ஆரோக்கியம்" என்று எடுத்துக்கொண்டால் பட்டியலில் இரண்டு ஓட்டைகள்: பருப்பும் காயும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் சமைக்காத எடை.

இதை வைத்துத் திங்கட்கிழமையைப் பாருங்கள். நாலு பேர் சாம்பாருக்கு வழக்கமாக வேகவைப்பது அரைத் தம்ளர் துவரம்பருப்பு, 100 கிராம் சுமார். அதில் புரதம் ஏறத்தாழ 22 கிராம். நாலாக வகுத்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம், ஒரு முட்டையைவிடக் குறைவு. அதையும் காலைக்கும் மதியத்துக்குமாகப் பிரித்துவிட்டீர்கள். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் பருப்புச் சாப்பிட்ட கணக்கு என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாம்பாரில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

காயும் அப்படித்தான். ஆளுக்கு 400 என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம். பொரியலுக்கு வழக்கமாக வாங்கும் கால் கிலோ பீன்ஸ் ஆளுக்கு 60 கிராம்தான் வரும். பொரியலை அரைக்கிலோ ஆக்கி, சாம்பாரில் 300 கிராம் காய் போட்டு, இரவு உப்புமாவில் ரவைக்குச் சமமாகக் காய் போட்டால்கூட இலக்குக்குக் கிட்டத்தான் வரலாம்.

எண்ணெயையும் உப்பையும் கரண்டியில் அளக்க வேண்டாம், மாதக் கணக்கில் பாருங்கள். அதே வழிகாட்டியில் ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், நெய்யும் சேர்த்து. நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாளில் காலியாகிறது என்று அதன்மேல் தேதி எழுதிவைத்தாலே தெரிந்துவிடும்.

பதிவு 5 | கல்சட்டி

பருப்புக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். திங்கள் சாம்பாரை 1 தம்ளராக்கினால் கெட்டியாகி இட்லிக்கு ஆகாது. வேறு வழி: அந்த மதியத்தில் பொரியலை எடுத்துவிட்டு பீன்ஸ் பருப்பு உசிலி. துவரம்பருப்பு முக்கால் தம்ளர் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மிளகாய், பெருங்காயம், உப்புடன் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து இட்லித் தட்டில் 12 நிமிடம் வேகவிடுங்கள். நன்றாக ஆறின பிறகு உதிர்க்க வேண்டும், சூட்டோடு உதிர்த்தால் களிபோல் ஒட்டும். ஆறியதை மிக்ஸியில் இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பூப்போல வரும். ஆவியில் வெந்துவிட்டதால் வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் போதும். பச்சையாக அரைத்ததை அப்படியே வாணலியில் கொட்டினால் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளி இரவு அடையும் சரியான பருப்புச் சாப்பாடு. நான் போடும் அளவு: இட்லி அரிசி 1 தம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து கால், பாசிப்பருப்பு கால். அரிசியைவிடப் பருப்பு ஒன்றரை மடங்கு. நைஸாக அரைத்தால் ரப்பர் போல இழுக்கும், கடலைப்பருப்பைக் கூட்டினால் ஆறியதும் விறைக்கும். நடுவில் ஓட்டை போட்டு அதிலும் நாலு சொட்டு எண்ணெய் விட்டு மிதமான தீயில் வேகவிட வேண்டும். மாவை மறுநாளுக்கு வைத்தால் புளித்துவிடும், அது வேறு பலகாரம்.

பதிவு 6 | வரகுக்காடு

வாரத்துக்கு ஒரு நாள் சாமை என்பது ஒப்புக்குப் போட்டது மாதிரி இருக்கு. மூணு வேளைக்கும் சிறுதானியம் வைங்க. அரிசியே வேண்டாம்.

பதிவு 7 | ஆட்டுக்கல்

வரகுக்காடு, மூணு வேளையும் சாமைக்கஞ்சி குடிச்சா அரிசிக்கஞ்சியை விட்ட பலன் பெரிசா வந்துடாது. குழைய வேகவச்சு கஞ்சியாக்கினா எந்தத் தானியமும் சீக்கிரம் சர்க்கரையாகும். அதோட, கடையில பளபளன்னு வெள்ளையா பாக்கெட்ல வர்ற சாமை, குதிரைவாலி பெரும்பாலும் தவிடு போகத் தீட்டினது. தவிடோட இருக்கிறது மங்கலா, பழுப்பு ஓடி இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். அரைக்கிலோவுக்கு மேல வாங்காதீங்க.

வேகவைக்கிற முறை தெரியாமத்தான் பலரும் ரெண்டாவது நாளே சிறுதானியத்தை விட்டுடறாங்க. சாமை 1 தம்ளர், ரெண்டு மூணு தடவை களைஞ்சு 30 நிமிஷம் ஊறணும். திறந்த பாத்திரம்னா ரெண்டரை தம்ளர் தண்ணி, குக்கர்னா ரெண்டேகால், மிதமான தீயில 2 விசில். ஆவி தானா அடங்கற வரை திறக்கக் கூடாது. ஆறினா கட்டி தட்டும், அதனால மதியத்துக்கு டப்பால கட்டறதா இருந்தா வெதுவெதுப்பா இருக்கும்போதே பாலும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைஞ்சு வைங்க. சாம்பார் சாதம் மாதிரி தளர இருக்கறதுக்கு சாமை நல்லா ஒத்துவரும். புளியோதரைக்கு வரகு தேவலாம், உதிரா நிக்கும்.

எனக்குக் கேட்டா, அரிசியை மாத்தறதை விடக் கேழ்வரகைச் சேர்க்கறதுலதான் லாபம். 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அரிசியில் அது பத்து இருபதைத் தாண்டாது. வியாழக்கிழமை மீந்த மாவு 2 தம்ளர்ல கேழ்வரகு மாவு 1 தம்ளர், தேவையான தண்ணி, உப்பு போட்டு அரை மணி நேரம் விட்டு தோசையா ஊத்துங்க. சமபங்குக்கு மேல கேழ்வரகு போனா கல்லுல ஒட்டும், திருப்பும்போது பிய்யும். அப்படி ஆனா இன்னொரு கரண்டி உளுந்து மாவு.

பதிவு 8 | வரகுக்காடு

கஞ்சி விஷயம் சரி. மூணு வேளைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன், ரெண்டு வேளை 😀

பதிவு 9 | நீத்துப்பெட்டி

இரவுச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணப் பக்கத்தில செய்யிற ஒண்டைச் சொல்லுறன், உங்கட பட்டியலில செவ்வாய் இரவுக்குப் பொருந்தும். குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும். குரக்கன் எண்டா உங்கட கேழ்வரகுதான்.

குரக்கன் மா 2 கப், வறுத்த சிவப்பரிசி மா 1 கப், உப்பு. இளஞ்சூட்டுத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு விரல் நுனியால பிசறவேணும். கையில பிடிச்சா கொழுக்கட்டையா நிக்கோணும், விட்டுத் தட்டினா உதிரோணும். கொதிதண்ணி விட்டா களியாப் போயிடும். கட்டி விழுந்தால் சுண்டு எண்ட தகரப் பேணியால கொத்தி விடுங்கோ, இல்லாட்டி மிக்சியில ஒரு சுத்து. தேங்காய்ப்பூ அரைக் கப் கலந்து நீத்துப்பெட்டியில அல்லது இட்லிச் சட்டியில துணி போட்டு 12 நிமிசம் அவியவிடுங்கோ. மேலால ஆவி நல்லா வந்தாப் பிறகுதான் நேரம் எண்ணவேணும்.

வறைக்கு இலையைத் தண்ணி இல்லாம வடியவிட்டு, பொடியா அரிஞ்சு, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளோட வதக்கி, இறக்கேக்க தேங்காய்ப்பூ. இறக்கினாப் பிறகு பாதித் தேசிக்காய் (எலுமிச்சை) பிழியுங்கோ. கீரையில இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்கிறதுக்கு அந்தப் புளி உதவும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிச்சா அந்த இரும்பு உடம்பில சேருறது குறைஞ்சு போயிடும், ஒரு மணித்தியாலம் பொறுங்கோ.

பிட்டு விக்கும் எண்டால் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு, வைக்கலாம். ரெண்டாம் பாலிலயே வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள் எல்லாம் அவியட்டும். முதற்பால் கடைசியில, ஒரு கொதி வரேக்கயே இறக்கிப்போடுங்கோ. அடுப்பில இருக்கேக்க தேசிப்புளி விட்டால் திரையும். முதற்பாலைக் கால் கப்போட நிப்பாட்டினால் கொழுப்பும் அளவோட நிக்கும்.

பதிவு 10 | கல்சட்டி

நீத்துப்பெட்டி, இதைச் செவ்வாய் இரவில் சேர்த்துவிட்டேன். சப்பாத்தி போகட்டும்.

பதிவு 11 | ஒற்றை அடுப்பு

ஒரே ஆள், ஒரு இண்டக்ஷன், 3 லிட்டர் குக்கர். காலையில 30 நிமிஷம்தான் இருக்கு. இந்தப் பட்டியல்ல எது நடக்கும்?

பதிவு 12 | அளவுகோல்

மதியச் சாப்பாடு நடக்கும், அடுக்கு முறையில். குக்கரின் அடியில் நேராகத் துவரம்பருப்பு கால் தம்ளர், தண்ணீர் ஒன்றேகால் தம்ளர், மஞ்சள், நாலு சொட்டு எண்ணெய். அதன்மேல் உயரமான ஸ்டாண்டு. ஸ்டாண்டின் மேல் கிண்ணத்தில் களைந்த அரிசி 80 கிராம், அதற்கு இரண்டு மடங்கு தண்ணீர். கிண்ணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, சாதம் பொங்கி வழிந்து பருப்போடு கலந்துவிடும். கிண்ணத்தின் மேல் ஒரு சிறு தட்டில் பெரிய துண்டுகளாக பீட்ரூட் அல்லது கேரட். 4 விசில்.

எண்ணெய்ச் சொட்டை விடாதீர்கள். பருப்பு நுரைத்து விசில் குழாயை அடைப்பதுதான் குக்கரில் நடக்கும் பெரிய கோளாறு. நேரடியாகப் பருப்பு வைக்கும்போது குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது. இண்டக்ஷனில் முதல் விசில் வரை 1,200 வாட், பிறகு 600–800-க்கு இறக்குங்கள். முழு வேகத்தில் விட்டால் அடியில் பருப்பு தீய்ந்து மேலே அரிசி அரைவேக்காடாக நிற்கும்.

விசில் அடங்குவதற்குள் சின்ன வாணலியில் தாளித்து, ஒரு தக்காளி, பாட்டிலில் இருக்கும் புளியில் ஒரு கரண்டி, அரைத் தேக்கரண்டி சாம்பார் பொடி. வெந்த பருப்பைக் கொட்டி ஒரு கொதி. கேரட்டைத் தயிரில் போட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சின சாதத்தை அறையிலேயே வைத்துவிட்டு ராத்திரி எலுமிச்சைச் சாதமாகக் கிளறுவது பேச்சிலர் அறைகளில் வழக்கம், அதை மட்டும் நிறுத்துங்கள். சாதத்தில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பதிவு 13 | மிளகுதக்காளி

கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறியும் 8 விசிலுக்கு வேகலை. துவரம்பருப்பும் அப்படியே முழுசா நிக்குது. குக்கர்லயா கோளாறு?

பதிவு 14 | ஆட்டுக்கல்

குக்கரைத் திட்டாதீங்க. மூணு இடத்துல பாருங்க. முதல்ல தண்ணி: போர்வெல் உப்புத்தண்ணியில கால்சியம், மக்னீசியம் அதிகம், தோல் இளகாது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணி எடுத்துப் பாருங்க. ஊறும்போது லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டா தோல் சீக்கிரம் இளகும். உப்புப் போட்டா வேகாதுன்னு சொல்றது தப்பு.

ரெண்டாவது, புளியும் தக்காளியும் வேகறதுக்கு முன்னாடியே விழுந்துச்சா? புளிப்புல பருப்பும் வேகாது, காயும் வேகாது. சாம்பார்ல கத்திரிக்காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி. முள்ளங்கி, அவரைக்கு இன்னும் கண்டிப்பா.

மூணாவது, சரக்கு பழசு. வருஷக்கணக்கா கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் மசியாது. புது பாக்கெட்ல ஒரு கைப்பிடி எடுத்து ஒரே பாத்திரத்துல வேகவச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். ஆப்பசோடா போட்டா வெந்துடும், ஆனா பி1 வைட்டமின் அழிஞ்சுடும், வாசனையும் சோப்பு மாதிரி ஆகும். நான் போடமாட்டேன்.

பதிவு 15 | உப்புக்காற்று

சனிக்கிழமையை "மீன்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார் கல்சட்டி.

வஞ்சிரம் தேட வேண்டாம். மத்தி, அயிலை, நெத்திலி மலிவு, மத்தியிலும் அயிலையிலும் ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. நாலு பேருக்கு முக்கால் கிலோ. அயிலையின் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு அமுங்காமல் இருக்க வேண்டும். வயிறு வெடித்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை, அப்போது விலை ஏறும். அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகு மீன் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் கட்லா, விரால், அல்லது முட்டைக் குழம்பு.

குழம்பு: நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெந்தயம், சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், தக்காளி 2, எலுமிச்சை அளவு புளி, குழம்பு மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி. எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை 15 நிமிடம் கொதித்த பிறகுதான் மீன். போட்ட பின் 7 நிமிடம், நெத்திலிக்கு 4. கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுங்கள். மீன் உடைந்தால் குற்றம் கரண்டியுடையது.

வறுவலுக்கு எண்ணெயில் முக்கத் தேவையில்லை. தோசைக்கல்லில் 2 தேக்கரண்டி எண்ணெய், மசாலா தடவி அரை மணி நேரம் ஊறின துண்டு. கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் தானாகக் கல்லை விட்டு வரும் வரை திருப்பக் கூடாது. முன்பே திருப்பினால் மசாலா கல்லுக்கு, மீன் தட்டுக்கு.

பதிவு 16 | மிளகுதக்காளி

வீட்டுல சர்க்கரை உள்ளவங்க இருந்தா இதே பட்டியல் ஓடுமா, தனியா சமைக்கணுமா?

பதிவு 17 | அளவுகோல்

தனிச் சமையல் வேண்டாம், தட்டில் பங்கை மாற்றினால் போதும். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன், கால் பங்கு சாதம். முதலில் கூட்டையும் பொரியலையும் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சர்க்கரை ஏறுவது சற்று மட்டுப்படும். வெள்ளிக்கிழமை வெண்பொங்கல் அவர்களுக்கு வேண்டாம், புதன் பெசரட்டை அன்றைக்கும் செய்துகொள்ளுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாதத்தைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

பதிவு 18 | ஒற்றை அடுப்பு

புதன்கிழமை மோர்க்குழம்பு திரிஞ்சு தண்ணி தனியா கட்டி தனியா ஆயிடுச்சு. தயிர் புளிக்கலைன்னு நேரா கொதிக்க விட்டேன்.

பதிவு 19 | கல்சட்டி

அதுதான் திரிந்தது. மோர்க்குழம்பு கொதிக்கக் கூடாது. துவரம்பருப்பு 1 மேசைக்கரண்டி, பச்சரிசி 1 தேக்கரண்டி அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், இஞ்சியோடு நைஸாக அரைத்து, கடைந்த தயிர் 2 தம்ளரில் அடுப்பில் வைக்கும் முன்பே கலக்க வேண்டும். அரிசியிலும் பருப்பிலும் உள்ள மாவுச்சத்துதான் தயிரைத் திரியாமல் பிடித்துவைக்கிறது. சிறு தீயில் ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருங்கள், ஓரத்தில் நுரை கட்டி மேலெழும்பும்போது இறக்கிவிடுங்கள். வெண்டைக்காயைத் தனியே வதக்கிக் கடைசியில் போடுங்கள், முன்பே போட்டால் கொழகொழப்பு குழம்பில் இறங்கும். மறுபடி சூடாக்க வேண்டுமானால் கொதிக்கும் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கி வையுங்கள். ஒரு ஆளுக்கு எல்லாவற்றையும் கால் பங்காக்கிக்கொள்ளுங்கள்.

பதிவு 20 | வரகுக்காடு

வியாழக்கிழமை மாவு ரொம்பப் புளிச்சுப் போச்சு. ஊத்தப்பத்தை யாரும் தொடலை.

பதிவு 21 | ஆட்டுக்கல்

திங்கக்கிழமை காலையிலேயே மாவை ரெண்டு டப்பாவா பிரிச்சீங்களா? ஒரே பாத்திரத்தை தினமும் வெளியே எடுத்து, அடுப்படியில அரை மணி நேரம் வச்சு, மறுபடி உள்ள வச்சா புளிப்பு ஏறிக்கிட்டேதான் இருக்கும். பொங்கினதும் அன்னைக்கு வேண்டியதை எடுத்துட்டு, மீதியை செவ்வாய்க்கு ஒண்ணு, வியாழனுக்கு ஒண்ணுன்னு மூடி போட்டு ஃப்ரிட்ஜோட அடித்தட்டுல பின்பக்கமா வைங்க, கதவுல வேண்டாம்.

இப்ப இருக்கிற மாவுக்கு: ரெண்டு கரண்டி பச்சரிசி மாவு, கொஞ்சம் பால், துருவின கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழிப்பணியாரமா ஊத்துங்க. அதுவும் ஒத்துவரலைன்னா கோதுமை மாவுல கரைச்சு தோசையாக்குங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல மட்டும் இழுக்காதீங்க.